மகாராணியின் இடுப்புப் படம்

இல்லங்க டாக்டரம்மா, நீங்க கேட்டதுக்கு ஆமான்னோ இல்லைன்னோ ஒத்த வார்த்தையில சொல்லிரலாம். நான் மாட்டேங்கல. ஆனா ஒத்த வார்த்தையில அடங்குற விசயமா இது, நீங்களே சொல்லுங்க. என் பேத்திக்கு ஆறு வாரத்துல ஸ்கேன் எடுத்த சத்தியபிரியா டாக்டர், புள்ளைக்கு இடுப்பு நார்மல்னு சொன்னாங்களா, சொல்லலையா. அதானே உங்க காயிதத்துல டைப் அடிச்சிருக்கு. சொன்னாங்கன்னு என் மருமகன் அஜய் மேலெடத்துக்குப் புகார் எழுதிட்டாரு. நான் அப்பிடிச் சொல்லவே இல்லைங்குது அந்தப் பொண்ணு. கொடைக்கானல் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல பாப்போம்னா, போன மழையில இடி விழுந்து அது கருகிப்போச்சு. ரிப்போர்ட்டு குடுத்தாங்களா குடுக்கலையான்னே தகராறு. மிச்சமிருக்குற சாட்சி நான் ஒருத்தன். பிச்சையா, வயசு அறுபத்திரெண்டு. நான் இதுல கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணுக்கு வேல போயிரும். நான் சரியாத்தான சொல்றேன்?

உக்காருங்க மொதல்ல. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் கட்டை. பெஞ்சுல உக்காருங்க. டீ போடட்டா? வேணாமா, சரி. நாலு மணிக்கு மேல மேகம் எறங்கிரும்னு உங்க ஜீப்பு டிரைவர் சொல்லியிருப்பாரு. நெசந்தான். எனக்கும் வெரசா முடியணும். மக நதியா கேரட்டு கழுவுற எடத்துக்கு வேலைக்குப் போயிருக்கா, மூணேகாலுக்கெல்லாம் வந்துருவா. அவ முன்னால இதக் கதைக்க வேணாம். கதைக்கன்னா பேச. நாங்க சிலோன் தேயிலத் தோட்டத்துல இருந்து ஒப்பந்தத்துல வந்தவங்க. பன்னெண்டு வயசுல கப்பல் ஏறுனேன். ஆளு எறங்கியாச்சு, நாக்குதான் இன்னும் பாதி எறங்கல.

மெதுவாப் பேசுவோம். இப்பத்தான் தூங்குச்சு. அந்தா, அந்த ரூம்புல பாருங்க. அதான் எங்க மகாராணி. என் பொஞ்சாதி பேரு அது, அவ போனதுக்கப்பறம் பொறந்த புள்ளைக்கு வச்சோம். பேருதான் பெருசு. ஆளு ஒம்பது கிலோ, அதுல மாவுக்கட்டு எத்தன கிலோவோ. நெஞ்சுல இருந்து கணுக்கால் வரைக்கும் கட்டு. ரெண்டு காலையும் தவளை மாதிரி விரிச்சு, நடுவுல ஒரு குச்சி வச்சு ஒட்டியிருக்காங்க. மதுரையில ஆபரேசன் பண்ணி இன்னையோட பத்தொம்பது நாளு. தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்குமில்ல, அது கிண்ணத்துக்குள்ள உக்காராம வெளிய போயி மேல ஏறிருச்சு. எடது பக்கம். இழுத்துக் கொண்டாந்து உள்ள வச்சிருக்காங்க. நிக்குமான்னா, கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும்ங்குறாங்க. ஒண்ணே முக்கா வயசு. முழிச்சிருந்தா தூக்கு தாத்தா, தூக்கு தாத்தாங்கும். எதப் பிடிச்சுத் தூக்குறது. பலகையத் தூக்குற மாதிரி தூக்கணும். நான் தூக்குறதில்ல.

வர்றேன், வர்றேன், கேள்விக்குத்தான் வர்றேன்.

பாருங்க, இந்த இடுப்புப் படம்ங்குறது இருக்கே, அத நம்பி ஒரு ஆளைத் தூக்குல போட முடியாது. நீங்க டாக்டர், உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கக் கூடாது. ஆனா கொஞ்சம் படிச்சிருக்கேன். சிலோன்ல தோட்டத்து லயன் வீட்டுல இருக்கும்போது மிசன் பள்ளிக்கூடத்துல இங்கிலீசு சொல்லிக் குடுத்தாங்க, அது ஒட்டிக்கிருச்சு. வருத்தம்னு, அதான் நோவுன்னு, யாரு படுத்தாலும் அந்த வருத்தத்தப் பத்தி எதாவது கெடைக்குமான்னு தேடிப் படிப்பேன். கெட்ட பழக்கம்.

எக்ஸ்ரே எடுத்துக்கங்க. ஆறு வாரத்துப் புள்ளைக்கு இடுப்புல பாதி எலும்பே கெடையாது, குருத்து. எக்ஸ்ரேக்குக் குருத்து தெரியாது. பந்து இருக்க வேண்டிய எடத்துல வெறும் இருட்டு. நாலு மாசம், ஆறு மாசம் ஆகி எலும்பு முளைச்சாத்தான் எதையாவது சொல்லலாம். அப்பவும் புள்ள நேராப் படுக்கணும். எங்க மகாராணி நேராப் படுத்துச்சா? புள்ள நடக்குறது ஒரு மாதிரி இருக்கு, சாஞ்சு சாஞ்சு போகுதுன்னு பழனியில ஒருத்தர்கிட்டக் காட்டுனோம். அவரு படமே எடுக்கல. தொடையத் தட்டிப் பாத்துட்டு சத்து மருந்து எழுதுனாரு. திண்டுக்கல்லுல ஒருத்தர் படம் எடுத்தாரு. எடுக்குறப்ப புள்ள கத்தி, முறுக்கி, ஒரு பக்கமா திரும்பிருச்சு. இடுப்பே கோணலா விழுந்த படம் அது. அத வச்சு, ஒரு கால் லேசாக் கட்டை, வளர வளரச் சரியாயிரும்னாரு. அதே படத்த மதுரையில காட்டுனா, அங்க இருந்தவரு ரெண்டு செகண்டு பாத்துட்டு, இது படமே இல்ல, வேற எடுங்கன்னாரு. மூணு டாக்டரு. ஒரே இடுப்பு. இதுல யாரு வேல போச்சு? ஒருத்தருக்கும் போகல.

சரி, எக்ஸ்ரே வேணாம், எம்ஆர்ஐ எடுப்போம்னா அந்தக் கொழாய்க்குள்ள புள்ள அர மணி நேரம் அசையாமக் கெடக்கணும். மயக்க ஊசி போடணும். எல்லாருக்கும் முடியுமா. கடைசியில மதுரையில மயக்கம் குடுத்து, மூட்டுக்குள்ள மருந்த விட்டுப் படம் எடுத்துத்தான் உள்ள என்ன கெடக்குன்னு பாத்தாங்க. அதத்தான் நான் முழுசா நம்புறேன். ஆனா அதப் பாக்குறதுக்கு ஆபரேசன் டேபிள் வரைக்கும் போக வேண்டியிருக்கு.

ஆமாங்க, ஸ்கேனு. அதத்தான கேக்குறீங்க.

ஸ்கேனப் பத்தி எனக்கு நல்லாவே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். இங்க மேக்க ஒரு தனியார் ஆட்டுப் பண்ணை இருந்துச்சு, இப்ப மூடியாச்சு. அதுல முப்பத்தோரு வருசம் வேல பாத்தேன். கடைசிப் பதினஞ்சு வருசம் ஆட்டுக்குச் செனை பாக்குற ஸ்கேன் மிசினு இருந்துச்சு. டாக்டர் வந்து எடுப்பாரு, நான் ஆட்டப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், அவரு சொல்லச் சொல்ல நோட்டுல எழுதுவேன். செனை, வெறும், சந்தேகம். மூணே மூணு வார்த்தை. ஒருக்கா ஒரு ஆட்ட வெறும்னு எழுதி, கழிச்சு விக்கிறதுக்கு லாரியில ஏத்துனோம். பூம்பாறை தாண்டுறதுக்குள்ள லாரியிலயே ரெட்டைக் குட்டி போட்டுருச்சு. தப்பு டாக்டரோடது இல்ல. நான் பிடியத் தளர விட்டுட்டேன், ஆடு ஒரு இஞ்சு திரும்பிருச்சு, அவரு பாத்தது வயித்துக்குள்ள வேற எடத்த. ஒரு இஞ்சுங்க.

சிரிக்கிறீங்க. நல்லது. இதுவரைக்கும் இந்த வீட்டுக்கு வந்த டாக்டருங்க யாரும் சிரிக்கல.

அது மாதிரித்தான் புள்ள இடுப்பும். புள்ளையப் பக்கவாட்டுல படுக்கப் போட்டு, கருவிய நேரா நிறுத்தி, கிண்ணத்தோட சரிவு எத்தன டிகிரின்னு கோடு போட்டு அளக்குறது. கிண்ணம் ஆழமா இருந்தா கோணம் பெருசு, அறுபதும் அதுக்கு மேலயும். தட்டையா இருந்தா சிறுசு. ஆனா கை லேசாச் சாஞ்சா கிண்ணமே வேற மாதிரி விழும். நல்ல இடுப்பு கெட்ட இடுப்பாத் தெரியும். புள்ள கத்துது, வெளிய பத்துப் பேரு காத்துக் கெடக்காங்க, அந்தப் பொண்ணு வேலைக்குச் சேந்து ஏழு மாசம். என்ன சொல்ல வர்றேன்னா, மனுசர யாரையும் குத்தம் சொல்லாம, அந்த வயசுல படம் எடுக்குற மொறையிலயே ஐயம் இருக்கு, அப்பிடின்னு நீங்க அழகா ஒரு ரிப்போர்ட்டு எழுதிரலாம். அந்தப் பொண்ணுக்கும் வேல நிக்கும், அஜய்க்கும் மனசு ஆறும். வேணும்னா நான் வாசகம் எழுதித் தர்றேன்.

முடியாதா. ஆமாவா இல்லையாவான்னு மட்டுந்தானா.

சரி, ஒண்ணு சொல்றேன், எழுதிக்கங்க. குத்தம் ஒண்ணு இருந்தா அது என்னோடதுன்னு எழுதுங்க. புள்ளையச் சுத்துனது நான். மார்கழியில பொறந்துச்சு. எங்க மன்னவனூர் மார்கழி உங்களுக்குத் தெரியாது. வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா புல்லு மேல உப்புக் கொட்டுன மாதிரி உறைபனி கெடக்கும். சிலோன்லயும் இதே குளிருதான். எங்கம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது என்னையக் கம்பளியில இறுக்கிச் சுத்தி, கால ரெண்டையும் நேரா நீட்டிக் கட்டி, புள்ளக்காம்பராவுல போட்டுட்டுப் போகும். தோட்டத்துல புள்ளைங்களப் பாத்துக்குற கொட்டாய்க்கு அதான் பேரு. வரிசையா கெடப்போம், சுருட்டு அடுக்கி வச்ச மாதிரி. பண்ணையில குட்டிகளையும் அப்பிடித்தான் சாக்குல சுத்துவேன். அதே கைப்பழக்கத்துல பேத்தியையும் சுத்துனேன். கால் நேரா வளரும்னு முட்டியச் சேத்து இறுக்கி. நதியாவுக்கு அப்பிடிக் கட்டத் தெரியாது, ரெண்டே நிமிசத்துல அவுந்துரும். நான் கட்டுனா சாயங்காலம் வரைக்கும் நிக்கும். அந்தக் கட்டுல எனக்கு ஒரு பெரும வேற.

தெரியும், அது தப்புன்னு தெரியும். இப்பிடிக் கட்டுனா லூசா இருக்குற பந்து வெளிய நழுவும். கீழ ஆயக்குடியில என் சம்பந்தியம்மா வீட்டுல எல்லாம் புள்ளைய இடுப்புல கால் விரிச்சு ஒக்கார வச்சுத்தான் தூக்குறாங்க. அது நல்லது. மலையில எறங்கி நாலு ஊரு தள்ளிப் பொறந்திருந்தா இந்த வருத்தமே வந்திருக்காது. இத எழுதிக்கிட்டீங்களா? தாத்தா காலக் கட்டுனதுனால வந்துச்சு, டாக்டர் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டா முடிஞ்சுதில்ல?

முடியலையா.

நீங்க விட மாட்டீங்க. அந்தப் பொண்ணு உங்ககிட்ட அழுதுச்சா? அழுகாது. அது அழுகுற ரகம் இல்ல. அன்னைக்கு எப்பிடி வேல பாத்துச்சு தெரியுமா. காலு முதல்ல வந்த புள்ள, பொம்பளப்புள்ள, மூத்தது, அதனால இடுப்புப் பாத்தே ஆகணும்னு அதுதான் பிடிவாதமாக் கூப்பிட்டு எடுத்துச்சு. ஒருக்கா எடுத்துட்டு மனசு ஒப்பாம மறுபடி எடுத்துச்சு, புள்ளையத் திருப்பிப் போட்டு மூணாவதும் எடுத்துச்சு. அதான் சொல்றேன், எத்தன எடுத்தாலும் கை சாஞ்சா சாஞ்சதுதான். ரெண்டு டிகிரி, மூணு டிகிரி எங்க போனா என்ன. நாப்பத்தாறு அம்பதாயிரும், அம்பது அறுபதாயிரும், அப்பறம் எல்லாம் நார்மல்தான்.

எது நாப்பத்தாறுன்னா கேக்குறீங்க?

சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நாப்பத்தாறுன்னு வச்சுக்குவோம்னு.

அப்பிடிப் பாக்காதீங்க. எழுதாதீங்க, கொஞ்சம் இருங்க.

என் பொஞ்சாதி அடிக்கடி சொல்லுவா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது, ஏன்னா எதையும் திட்டமாச் சொல்லாம இருக்க முடியாதுன்னு. பஸ்சு எத்தன மணிக்குன்னு கேட்டா ஒம்பது பத்தும்பேன், ஒம்பது மணி வாக்குலன்னு சொல்ல வராது. நாப்பதும்பாங்க மத்தவங்க. நான் நாப்பத்தாறுன்னு சொல்லிட்டேன்.

எடது பக்கம் நாப்பத்தாறு. வலது பக்கம் அறுபத்திரெண்டு. சரி, எழுதுங்க.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில நதியா பக்கத்து ரூம்புல பாலு குடுத்துக்கிட்டு இருந்தா. என்னையத்தான் உள்ள கூப்பிட்டு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஐயா, கிண்ணம் தட்டையா இருக்கு, தோள்ல இருந்து ஒரு பெல்ட்டு போட்டு கால விரிச்சு வைக்கணும், ரெண்டு மூணு மாசம் போட்டாப் போதும், சரியாயிரும், நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னுச்சு. காலச் சேத்துக் கட்டாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுச்சு. ரிப்போர்ட்டக் குடுத்துச்சு. நார்மல்ங்குற வார்த்தைய அது வலது பக்கத்துக்குத்தான் சொல்லுச்சு.

நான் வெளிய வந்தேன். நதியா மூஞ்சியப் பாத்தேன். என்னப்பா சொன்னாங்கன்னு கேட்டா.

அதுக்கு அடுத்த வாரம் ஆயக்குடியில அஜய் வீட்டுல புள்ளைக்குப் பேரு வைக்கிறதா இருந்துச்சு. அஜய் வட்டக்கானல்ல ஜீப்பு ஓட்டுற பையன், இவளைப் பாத்து ஆசப்பட்டுக் கட்டுனவரு. அவங்கம்மாவுக்கு ஆரம்பத்துல இருந்தே எங்கள ஆகாது. சிலோன்காரன் பொண்ணுன்னு ஒரு கொற, மொதப் புள்ள பொம்பளப்புள்ளைன்னு ஒரு கொற. அந்தக் கூட்டத்துல போயி, தோள்லயும் கால்லயும் வாரு போட்டுக் கட்டுன புள்ளையத் தூக்கிக்கிட்டு எம்மக நிக்கணுமான்னு நெனச்சேன். பேரு வச்சு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம், ஒரு பத்து நாளுதானன்னு நெனச்சேன். நார்மல்னுட்டேன்.

பத்து நாளு கழிச்சு, நார்மல்னு சொன்னத எப்பிடி மாத்துறதுன்னு இருந்துச்சு. அப்ப உக்காந்து படிச்சேன். சின்னப் புள்ளைக இடுப்பு சிலதுக்குப் பக்குவமில்லாம இருந்து, தானாவே பக்குவமாயிரும்னு போட்டிருந்துச்சு. அது வேற வகை, அம்பதுக்கு மேல இருக்குறதுக்குச் சொன்னது. கீழயே அடுத்த வரியில இருக்கு. நான் அடுத்த வரியப் படிக்காம இல்ல, படிச்சேன். ஆனா பண்ணையில பதினஞ்சு வருசம் சந்தேகம்னு எழுதுன ஆட்ட என்ன செஞ்சோம்? மந்தையில விட்டுட்டு அடுத்த மாசம் பாப்போம். பாதிக்கு மேல நல்லாத்தான் இருக்கும். அத நெனச்சுக்கிட்டேன். எனக்குத் தெரியாத ஸ்கேனா, அந்தப் பொண்ணு ஏழு மாசத்து ஆளு, கை சாஞ்சிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்பறம் அது போன் பண்ணுச்சு. ஆஸ்பத்திரியில குடுத்தது என் நம்பருதான். மொதத் தடவ, வர்றோம்மான்னேன். ரெண்டாவது தடவ, மதுரையில காட்டிட்டோம், நல்லாருக்குன்னேன். மூணாவது தடவ எடுக்கல.

கிண்ணம் தட்டைன்னு சொன்ன அன்னைக்கும் ராத்திரி குளிருச்சு. சுத்தித்தான் படுக்கப் போட்டேன்.

இல்லங்க, மருமகனுக்குத் தெரியாது. அவரு நல்ல மனுசன், நான் சொன்னத நம்பித்தான் புகார் எழுதுனாரு. நதியாவுக்கும் தெரியாது. அவ தெனமும் சாயங்காலம் வந்து புள்ளைக்குக் கட்டுக்குள்ள அரிக்குதுன்னு பென்சில விட்டு மெதுவாச் சொறிஞ்சு விடுவா. சொறிஞ்சுக்கிட்டே அந்த டாக்டரைச் சபிப்பா. உனக்கு ஒரு புள்ள பொறந்து அது நொண்டணும்டின்னு பேரச் சொல்லிச் சொல்லுவா. நான் பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருப்பேன். சில நாளு தன்னையவே திட்டிக்குவா, நாந்தான் உள்ள போயிக் கேக்காம விட்டுட்டேன் இல்லப்பான்னு. இல்லம்மா, உம்மேல தப்பு இல்லம்பேன். அது ஒண்ணுதான் நான் அவகிட்டச் சொல்ற நெசம்.

இருக்கு. அந்த ரிப்போர்ட்ட நான் கிழிக்கல. ரெண்டு தடவ அடுப்புகிட்டக் கொண்டு போனேன். மகாராணி இடுப்பு அதுல கறுப்பும் வெள்ளையுமா இருக்கு, ஒரு சின்னச் சிப்பி மாதிரி. அத எரிக்கிறதுக்குக் கை வரல. அந்தா அலமாரியில பழைய ஆட்டு நோட்டு இருக்கு பாருங்க, பச்ச அட்ட, அதுக்குள்ள. நீங்களே எடுங்க. நாலா மடிச்சிருக்கும்.

ஆமா, இதான். அந்தப் பொண்ணு கையெழுத்து எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா. கோடு போட்ட எடத்துல ஒரு அம்புக்குறி வேற. கையும் சாயல ஒண்ணும் சாயல.

நேரமாச்சா? அந்தா, சந்துல செருப்புச் சத்தம். அவதான். கேரட்டு மண்ணு ஒட்டுன செருப்பு, ஒரு பக்கம் கனமா வைப்பா.

எந்திரிக்காதீங்க. இருங்க. இந்த வீட்டுல எந்தக் காயிதம் வந்தாலும் நான்தான் படிச்சுச் சொல்லுவேன், ரேசன் கடையில இருந்து கோர்ட்டு வரைக்கும். இத மட்டும் அவளுக்கு நீங்க படிச்சுக் காட்டிருங்க. ரெண்டாவது பக்கத்துல கீழ, பெல்ட்டு போடணும்னு எழுதியிருக்குற வரி இருக்குல்ல, அத மெதுவாப் படிங்க. வேகமாப் படிச்சா அவளுக்கு இங்கிலீசு புரியாது.